‘ஏன்?’ என்று கேட்காத உபாத்தியாயர்

“அவரவர் வேகத்தில் கற்கலாம்!”

இப்படி ஒரு வாசகம் இப்போது நம்மைப் போன்ற மத்தியதரக் குடும்பங்களுக்குள் மிகவும் மரியாதையாக நுழைந்து, கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டது. கேட்பதற்கு எவ்வளவு இதமாக இருக்கிறது, பாருங்கள்! அதட்டல் இல்லை, பிரம்பு இல்லை, பக்கத்துப் பெஞ்சுப் பையன் முந்திக்கொண்டு விட்டானே என்ற புழுக்கம் இல்லை. குழந்தை ஒரு டேப்லெட்டை மடியில் வைத்துக்கொள்ள வேண்டியது. திரையில் ஒரு முக்கோணம் வரும். கோணத்தின் அளவைக் கேட்கும். விடையைத் தட்ட வேண்டியது. சரியாக இருந்தால் பச்சை டிக். தப்பாக இருந்தால் சிவப்புப் பெருக்கல் குறி. டிக்குகள் சேர்ந்தால் ஒரு நட்சத்திரம். நட்சத்திரங்கள் சேர்ந்தால் அடுத்த பாடம். ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரைக்குமான வடிவியல் முழுவதையும் இப்படியே சங்கில் ஊற்றிப் புகட்டிவிடலாம் என்கிறார்கள்.

இதை நான் எதிர்க்கிறேன் என்றால், “கதை எழுதுகிற மனிதருக்குக் கணக்கு வகுப்பில் என்ன வேலை?” என்று உங்களில் சிலருக்குக் கேட்கத் தோன்றும். நியாயமான கேள்வி. பதில் இதுதான். ஒரு நாவலில் கதாநாயகி திடீரென்று வீட்டை விட்டுப் புறப்பட்டுப் போனால், “ஏன் போனாள்?” என்று நீங்கள் கேட்கிறீர்கள். “நான் எழுதினேன், அதனால் போனாள்” என்று ஆசிரியன் சொன்னால் புத்தகத்தை மூடிக் கடாசிவிடுகிறீர்கள். நடந்தது போதாது, ஏன் நடந்தது என்பதும் தெரிய வேண்டும் என்ற அந்தப் பிடிவாதத்தினால்தான் எங்கள் தொழில் நடக்கிறது. பள்ளிக்கூடத்திலே அந்தப் பிடிவாதத்தைப் பழக்குவதற்கென்றே ஏற்பட்ட பாடம் வடிவியல். ஆகவே இது என் சொந்த விவகாரமும்தான்.

எதை எதிர்க்கிறேன் என்பதை முதலிலேயே வரையறுத்துவிடுகிறேன். வடிவியலைப் பற்றிப் பேசும்போது வரையறை இல்லாமல் ஆரம்பிப்பது மரியாதை ஆகாது. யந்திரத்தின் மேல் எனக்கு விரோதம் கிடையாது. ‘அந்தக் காலம் போல் வருமா!’ என்று பெருமூச்சு விடுகிற கோஷ்டியிலும் நான் சேரவில்லை. அந்தக் காலத்தில் க்ஷேத்திர கணிதம் என்ற பெயரில், தேற்றத்தை எண்ணோடு நெட்டுருப் போட வைத்து, ஒரு வார்த்தை பிசகினால் காதைத் திருகிய உபாத்தியாயர்கள் உண்டு. அவர்கள் கற்பித்தது கணிதமல்ல, பயம். நான் எதிர்ப்பது ஒன்றே ஒன்றை. பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று வயதுக் குழந்தையை வடிவியல் பாடத்தில் ஒரு திரையோடு தன்னந்தனியாக விட்டுவிட்டு, அதற்குப் ‘படிப்பு’ என்று பெயர் வைப்பதைத்தான் எதிர்க்கிறேன்.

எப்படி இருக்கிறது அந்தப் படிப்பு? என் தங்கையின் பேத்தி ஏழாம் வகுப்பு வாசிக்கிறாள். கெட்டிக்காரி. அவளுடைய பயிற்சியில் இணைகோடுகள் பாடம். இரண்டு இணைகோடுகள், அவற்றை வெட்டிச் செல்லும் ஒரு குறுக்குவெட்டி, ஒரு கோணத்தைக் கொடுத்து மற்றொன்றைக் கேட்கும் கேள்விகள். 40-க்கு 38 வாங்கியிருந்தாள். நான் ஒரு தாளை எடுத்து, இரண்டு கோடுகளும் ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்திருப்பது கண்ணுக்கே தெரியும்படி வரைந்தேன். குறுக்கே ஒரு கோடு இழுத்து, ஒரு கோணத்தில் 70 என்று எழுதி, அதற்கு ஒத்த கோணம் எவ்வளவு என்று கேட்டேன்.

“70, தாத்தா.”

“எப்படிச் சொல்றே?”

“பார்த்தாலே தெரியுதே! சின்னதா இருந்தா அதே நம்பர். பெரிசா இருந்தா 180-லேருந்து கழிச்சுடணும்.”

“இந்த ரெண்டு கோடும் இணையா, பாரு?”

அவள் தாளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். “கேள்வியிலே எப்பவும் இணையாத்தான் தாத்தா இருக்கும்!”

வாசகர்களே, அந்தக் குழந்தையை மக்கு என்று யாரும் சொல்ல முடியாது. நாற்பது கேள்விகளையும் கூர்ந்து கவனித்து, அவற்றுக்குப் பொதுவான ஒரு விதியைக் கண்டுபிடித்திருக்கிறாள். ஆனால் அவள் கண்டுபிடித்த தேற்றம் இணைகோடுகளைப் பற்றியதல்ல. அந்தக் கேள்விகளைத் தயாரித்தவர்களைப் பற்றியது! இரண்டு கோடுகளும் இணையாக இருப்பதனால்தான் அந்தக் கோணங்கள் சமம் என்ற காரணம் அவள் மனத்தில் ஏறவேயில்லை. அது ஏறாமலே 38 டிக் கிடைத்துவிட்டது. கிடைக்காத அந்த இரண்டும்கூடக் கழித்தலில் வந்த பிசகு.

“எந்தப் பயிற்சியிலும் இப்படி நடக்கலாமே, நோட்டுப் புத்தகத்தில் நடக்காதா?” என்று கேட்பீர்கள். நடக்கும். ஆனால் நோட்டுப் புத்தகம் தன்னை உபாத்தியாயர் என்று சொல்லிக்கொண்டதில்லை. அதைத் திருத்துவதற்கு ஒரு மனிதர் உண்டு. அவர் நல்லவராக இருந்தால், பென்சிலைப் பிடுங்கிக்கொண்டு, “எப்படி வந்தது, சொல்லு” என்று கேட்பார். அந்தக் கேள்வியைக் கேட்க ஆள் வேண்டாம் என்பதுதானே இந்தப் புது ஏற்பாட்டின் விசேஷமே!

வடிவியல் என்பது என்ன என்று ஒரு நிமிஷம் யோசித்துப் பார்ப்போம். முக்கோணத்தின் மூன்று கோணங்களையும் கூட்டினால் 180 பாகை. இந்தச் செய்தியைத் தெரிந்துகொள்வதற்கு ஒரு விநாடி போதும். நான் இப்போது சொல்லிவிட்டேன். ஆனால் ஒரு குழந்தையிடம் தாளும் ஸ்கேலும் பாகைமானியும் கொடுத்து, ஒரு முக்கோணம் வரைந்து அளந்து கூட்டச் சொல்லுங்கள். 178 வரும். பக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கு 181 வரும். மூன்றாவது பிள்ளை 180 என்று எழுதியிருப்பான். அவன் புத்தகத்தைப் பார்த்து எழுதினவன். இப்போதுதான் விஷயம் சூடு பிடிக்கிறது. தப்பு பென்சில் முனையிலா, பாகைமானியிலா, அல்லது விதியிலேயேவா? எல்லோருடைய முக்கோணமும் வெவ்வேறாக இருக்க, விடை மட்டும் ஏன் ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறது? மூன்று மூலைகளையும் கிழித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு நேர்கோட்டில் படிந்துகொள்கின்றன. சரி, படிகின்றன, ஆனால் ஏன்? எந்த முக்கோணத்தைக் கிழித்தாலும் படியும் என்பதற்கு யார் ஜாமீன்?

அப்போது உபாத்தியாயர் எழுந்து, முக்கோணத்தின் உச்சி வழியாக, அடிப்பக்கத்துக்கு இணையாக ஒரு கோடு இழுக்கிறார். ஒரே ஒரு கோடு! அடிப்பக்கத்து இரண்டு கோணங்களும், ஒன்றுவிட்ட கோணங்களாக மேலே வந்து, உச்சிக் கோணத்தின் இரண்டு பக்கத்திலும் உட்கார்ந்துகொள்கின்றன. மூன்றும் சேர்ந்து நேர்கோடு. இனி அளக்க வேண்டியதில்லை. இதுவரை வரைந்த முக்கோணத்துக்கும், இனி எவனாவது வரையப் போகிற முக்கோணத்துக்கும் சேர்த்துக் கணக்குத் தீர்ந்தது. 2,300 வருஷங்களுக்கு முன்னால் யூக்ளிட் தம் முதல் புத்தகத்தின் 32-வது தேற்றத்தில் செய்ததும், சிறு மாறுதலோடு, இதே இணைகோட்டு யுக்திதான்.

இதிலே ஒரு பெரிய விஷயம் ஒளிந்துகொண்டிருக்கிறது. சரித்திரத்தில் அசோகர் கலிங்கத்தின் மேல் படையெடுத்தார் என்றால், பன்னிரண்டு வயதுக் குழந்தை அதைப் பெரியவர்கள் சொல்லித்தான் நம்ப வேண்டும். சூரியன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதையும் நம்பத்தான் வேண்டும். இலக்கணத்தில் ‘இது வழக்கு’ என்றால் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். முக்கோணத்துக்கு மட்டும் யாருடைய வார்த்தையும் வேண்டாம்! உபாத்தியாயரே கரும்பலகையில் தப்பாகப் போட்டாலும், கடைசிப் பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து, “இல்லை சார், அந்த ரெண்டு கோடும் இணை என்று நீங்கள் இன்னும் காட்டவில்லை” என்று சொல்லலாம். சொன்னால் அவனே ஜெயித்தவன். அவன் யார் வீட்டுப் பிள்ளை, காலில் செருப்பு இருக்கிறதா, அப்பா என்ன உத்தியோகம் என்றெல்லாம் அந்த இடத்தில் கேள்வி கிடையாது. வயதுக்கும் பதவிக்கும் பிறப்புக்கும் கை கட்டி நிற்கப் பழகிய நம் சமூகத்தில், ஒரு சிறுவனோ சிறுமியோ, மரியாதை குறையாமல் ஒரு பெரியவரை மறுத்து நிற்க முறையாகக் கற்றுக்கொள்ளும் இடம் வேறு எது?

அந்த இடத்தில்தான் பச்சை டிக் வந்து உட்காருகிறது. “சரி” என்கிறது. ஏன் சரி? சொல்லாது. அல்லது சொல்லும்; ஒரு பொத்தானைத் தட்டினால் நாலு வரி விளக்கம் வரும். குழந்தை அதைப் படிப்பதில்லை. டிக் வந்தாயிற்றே, எதற்குப் படிக்க வேண்டும்? எவர் சொல்லையும் நம்ப வேண்டாத ஒரே பாடத்தில், முகமில்லாத ஒரு குரலை நம்பும்படி குழந்தையைப் பழக்குகிறோம். பழைய உபாத்தியாயரிடம் பிரம்பு இருந்தது. ஆனாலும் அவரை எதிர்த்துப் பேச ஒருவனாவது இருந்தான். பச்சை டிக்கிடம் யார் வாதாடுவது?

இது ஏதோ நேற்று முளைத்த புதுமை என்று நினைத்துவிடாதீர்கள். 1920-களிலேயே அமெரிக்காவின் ஒஹாயோ ஸ்டேட் சர்வகலாசாலையில் ஸிட்னி பிரெஸ்ஸி என்ற மனோதத்துவப் பேராசிரியர், கேள்வி காட்டி விடையைச் சரிபார்க்கும் ஒரு யந்திரம் செய்தார். சரியாகப் பதில் சொன்னால் மிட்டாய் ஒன்று வந்து விழும் ஏற்பாடும் அதில் உண்டு. இன்றைய நட்சத்திரத்தைவிட அது எவ்வளவோ மேல், வாயிலாவது போட்டுக்கொள்ளலாம்! பிறகு 1953-ல், ஹார்வர்டு பேராசிரியர் பி. எஃப். ஸ்கின்னர் தம் மகளின் வகுப்பறைக்குப் போய்ப் பார்த்தார். குழந்தைகள் கணக்குப் போட்டுவிட்டு, சரியா தப்பா என்று தெரியாமல் காத்துக் கிடந்தன, முடித்தவர்கள் சும்மா இருந்தார்கள், முடியாதவர்கள் தவித்தார்கள். இது அநியாயம் என்று அவருக்குப் பட்டது. ஒவ்வொரு குழந்தையும் தன் வேகத்தில் போக, ஒவ்வொரு படிக்கும் உடனே ‘சரி’, ‘தப்பு’ என்று சொல்லும் போதனா யந்திரத்தை அவர் உருவாக்கினார். அவர் கண்ட குறை உண்மையான குறை. நாற்பது பிள்ளைகள் இருக்கும் எந்த வகுப்பிலும் இன்றைக்கும் அதைக் காணலாம். மருந்துதான் யோசிக்க வேண்டியதாக இருந்தது.

அந்த மருந்தைச் சாப்பிட்ட ஒரு பிள்ளையின் சரித்திரம் கணிதக் கல்வி படித்தவர்களிடையே பிரசித்தம். 1960-களில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில், தனித்தனிப் பாடமுறை ஒன்றை ஏற்படுத்தினார்கள். யந்திரம் இல்லை, சிறு சிறு பாடத்தாள்கள். பிள்ளை தனியாக, தன் வேகத்தில் செய்ய வேண்டியது. விடைத்தாளோடு ஒப்பிட்டுத் திருத்துவார்கள். பரீட்சையில் நூற்றுக்கு எண்பது வந்தால் அடுத்த பாடம். அந்த முறையில் படித்த ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவனோடு ஸ்டான்லி எர்ல்வாங்கர் என்ற ஆராய்ச்சியாளர் பொறுமையாக உட்கார்ந்து பேசி, 1973-ல் ஒரு கட்டுரை எழுதினார். அதில் அந்தப் பிள்ளைக்குப் பென்னி என்று பெயர். பன்னிரண்டு வயது. வகுப்பில் நன்றாக முன்னேறி வருகிறவன் என்று ஆசிரியையின் அபிப்பிராயம். அவனிடம் பத்தில் இரண்டைத் தசமத்தில் எழுதச் சொன்னால் 1.2 என்கிறான்! பத்தில் ஐந்து? 1.5. மேலும் கீழும் இருக்கும் எண்களைக் கூட்டி நடுவே புள்ளி வைத்துவிட வேண்டும் என்பது அவனுடைய விதி. இப்படி எத்தனையோ விதிகள் அவனிடம் இருந்தன. அவற்றையெல்லாம் எவரோ எப்போதோ உட்கார்ந்து உண்டாக்கி வைத்தார்கள் என்று நம்பினான். விடைத்தாளில் இருக்கும் விடை எதுவோ அதைத் துரத்திப் பிடிப்பதுதான் கணக்கு என்பது அவன் கண்ட முடிவு. ‘தேர்ச்சி’, ‘தேர்ச்சி’ என்று ஏடுகள் சொல்லிக்கொண்டே வந்தன. ஒரு மனிதர் எதிரே உட்கார்ந்து “எப்படி?” என்று கேட்கும் வரை ஒருவருக்கும் தெரியவில்லை.

பென்னி தடுமாறியது பின்னங்களில். வடிவியலில் இந்த அபாயம் இன்னும் அதிகம். ஏனென்றால் இங்கே கண் வேறு வந்து ஏமாற்றுகிறது. ஒரு சதுரத்தைச் சற்றுத் திருப்பி மூலையில் நிற்க வையுங்கள். “இது சதுரமில்லை, டைமண்ட்” என்று எத்தனை பிள்ளைகள் சொல்லும், பாருங்கள். ஹாலந்து தேசத்தில் ஆசிரியத் தொழில் செய்த பீரே வான் ஹீலே, டீனா வான் ஹீலே என்ற தம்பதிகள் 1957-ல் இதைப் பற்றித் தனித்தனியே ஆராய்ச்சி நூல்கள் சமர்ப்பித்தார்கள். வடிவங்களைத் தோற்றத்தால் அடையாளம் காண்பது முதல் படி. பண்புகளால் அறிவது அடுத்த படி. ஒரு பண்பிலிருந்து இன்னொரு பண்பு எப்படிப் பிறக்கிறது என்று காண்பது அதற்கும் மேல். அதன் பிறகுதான் நிரூபணம். வயது ஏறினால் படி தானாக ஏறிவிடாது என்றார்கள். ஏறுவதற்கு வேண்டியவற்றுள் முக்கியமான ஒன்று, பிள்ளை தான் கண்டதைத் தன் சொந்த வார்த்தையில் சொல்லிப் பார்ப்பது. சொல்வதென்றால், கேட்பதற்கு எதிரே ஓர் ஆள் வேண்டாமா?

இதை யந்திரம் செய்கிறவர்களே உணர்ந்திருக்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை. அதே பிட்ஸ்பர்க் நகரத்தில், கம்ப்யூட்டர் வழியாக வடிவியல் பயிற்றும் ஒரு ஏற்பாட்டை வின்ஸென்ட் அலவென், கென்னத் கோடிங்கர் என்ற இருவர் ஆராய்ந்து 2002-ல் எழுதினார்கள். விடையை மட்டும் போடுகிற மாணவர்களைவிட, ஒவ்வொரு படிக்கும் எந்தத் தேற்றத்தினால் என்று காரணமும் குறிக்க வேண்டியிருந்த மாணவர்கள் ஆழமாகப் புரிந்துகொண்டார்கள். மற்றவர்களிடம், பார்வைக்குச் சமமாகத் தெரிந்தால் சமம் என்று எழுதிவிடும் வழக்கம் அதிகமாக இருந்தது. என் தங்கை பேத்தியின் தேற்றம் அங்கேயும் இருக்கிறது! காரணம் கேட்கும் யந்திரத்தைச் செய்ய முடியும் என்று இதனால் தெரிகிறது. செய்ய முடிந்ததைச் செய்யாமல், டிக்கையும் நட்சத்திரத்தையும் மட்டும் விற்றுக்கொண்டிருப்பதற்கு என்ன சமாதானம்?

இந்த இடத்தில் எதிர்க்கட்சி வக்கீல் எழுந்திருக்கிறார். “ஸாக்ரடீஸ்கூட இப்படித்தானே, படிப்படியாகக் கேள்வி கேட்டே வடிவியல் சொல்லிக் கொடுத்தார்?” என்கிறார். வாஸ்தவம். பிளேட்டோ எழுதிய ‘மெனோ’ என்ற உரையாடலில் அந்தக் காட்சி வருகிறது. ஸாக்ரடீஸ் ஓர் அடிமைச் சிறுவனைக் கூப்பிட்டு, இரண்டடிப் பக்கமுள்ள சதுரம் வரைந்து, இதைப்போல் இரண்டு மடங்கு பரப்புள்ள சதுரத்துக்குப் பக்கம் எவ்வளவு என்று கேட்கிறார். நாலடி என்கிறான் பையன். வரைந்து பார்த்தால் பரப்பு நாலு மடங்காகிறது. மூன்றடி என்கிறான். அதுவும் பொருந்தவில்லை. “எனக்குத் தெரியவில்லை” என்று நிற்கிறான். ஸாக்ரடீஸ் சிவப்புக் குறி போட்டாரா? இந்தத் திகைப்பே அவனுக்கு லாபம் என்றல்லவா பக்கத்திலிருந்த எஜமானனிடம் சொன்னார்! அதன் பிறகு மூலைவிட்டத்தின் மேல் சதுரம் எழும்புகிறது. ஒரு பிள்ளை ஒவ்வொரு தப்பையும் எந்த வழியாக வந்து செய்தான் என்பதை எதிரே இருப்பவர் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த கேள்வி அதிலிருந்து பிறந்தது. முன்கூட்டியே நாலு விடைகளை அடுக்கி வைத்துக்கொண்டு, ‘ஒன்றைத் தட்டு’ என்பதற்கு ஸாக்ரடீஸைச் சாட்சிக்குக் கூப்பிடக் கூடாது.

வக்கீலிடம் இதைவிட வலுவான சாட்சி ஒன்று உண்டு. அதை மறைப்பது நேர்மை ஆகாது. 2015-ல் டில்லியில், பெரும்பாலும் ஆறிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை படிக்கும் 619 பிள்ளைகளை வைத்து ஒரு பரிசோதனை நடந்தது. கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், அலெஹாந்திரோ கனிமியான் என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் செய்தது, 2019-ல் வெளியாயிற்று. குலுக்கலில் தேர்ந்த பிள்ளைகள் பள்ளி விட்டதும் ஒரு மையத்துக்குப் போய், மைண்ட்ஸ்பார்க் என்ற கம்ப்யூட்டர் பயிற்சியில் அவரவர் நிலையிலிருந்து படித்தார்கள். நாலரை மாதத்தில், குலுக்கலில் கிடைக்காதவர்களைவிடக் கணிதத்தில் தெளிவாக முந்திவிட்டார்கள். இதற்குப் பெரும் காரணம் கம்ப்யூட்டர் பயிற்சியே என்பது ஆராய்ந்தவர்களின் முடிவு. நான் அதை மறுக்கவில்லை, சந்தோஷப்படுகிறேன். அங்கே ஆறாம் வகுப்புப் பிள்ளை சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கிக் கிடந்தது. தன் வகுப்புப் பாடம் தலைக்கு மேலே போய்க்கொண்டிருக்க, வாய் திறக்க வெட்கப்பட்டுக் கடைசிப் பெஞ்சில் மௌனமாக இருக்கும் குழந்தைக்கு, ஒருவர் முன்னும் தலைகுனியாமல் மூன்றாம் வகுப்புக் கழித்தலுக்குத் திரும்பிப் போக ஒரு வழி கிடைக்குமென்றால், அந்த யந்திரத்துக்கு நான் கற்பூரம் காட்டத் தயார்.

ஆனால் அந்த ஏற்பாட்டை முழுவதும் பாருங்கள். தினம் ஒன்றரை மணி நேரம். அதில் முக்கால் மணி யந்திரம். மற்ற முக்கால் மணி, பன்னிரண்டு பதினைந்து பிள்ளைகளுக்கு ஒரு போதகர். போவதற்கு ஓர் இடம், நேரம், கூட உட்காரத் தோழர்கள், வரவில்லையென்றால் கேட்க ஒரு மனிதர். நம் வீடுகளில் விற்பனையாவது இதுவா? இதிலிருந்து போதகரைக் கழித்து, தோழர்களைக் கழித்து, நேரத்தையும் இடத்தையும் கழித்து, மிச்சமிருக்கும் திரையை மட்டும் சந்தாவுக்கு விற்கிறார்கள். சாட்சிக்கு மட்டும் முழு ஏற்பாட்டையும் கூப்பிடுகிறார்கள்.

மிச்சமிருக்கும் திரையின் லட்சணத்தை நாம் ஏற்கனவே ஒரு தரம் பார்த்துவிட்டோம். 2020 மார்ச்சில் கொள்ளைநோய்க்காக மூடிய பள்ளிக்கூடக் கதவுகள், தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்புக்குட்பட்ட பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் திறந்தன. ஆறாம் வகுப்பில் சேர வேண்டிய பிள்ளை, வகுப்பறையையே பார்க்காமல் ஏழாம் வகுப்புக்கு வந்தது. அத்தனை நாளும் அவரவர் வேகம்தான்! வீட்டில் ஒரே ஒரு செல்போன்; அதையும் அப்பா வேலைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டால், குழந்தையின் வேகம் சைபர். பிறகு ‘இல்லம் தேடிக் கல்வி’ என்று தன்னார்வலர்களைத் தெருத் தெருவாக அனுப்பித்தான் அந்தக் குழந்தைகளைச் சர்க்கார் மீட்க வேண்டியிருந்தது. இல்லத்தைத் தேடிப் போனது திரை அல்ல, மனிதர்கள்.

“நாவலைக்கூடத் தனியாக, அவரவர் வேகத்தில்தானே படிக்கிறோம்?” என்று உங்களுக்கு ஒரு கேள்வி பாக்கியிருக்கும். ஆமாம். தனிமையின் பேரில் பிழைப்பு நடத்துகிறவன் நான், அதைப் பழிப்பேனா? வடிவியலிலும் தனிமைக்கு இடமுண்டு. ஒரு கணக்கை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் தனிமை இருக்கிறதே, அது அமிர்தம். ஆனால் அரைமணி நேரம் கூரையைப் பார்க்க விடுகிற பயிற்சி எது? கை ஓய்ந்தால் குறிப்பு வேண்டுமா என்று கேட்கிறது. குறிப்பை நாலு தரம் தட்டினால் விடையே வந்து விழுகிறது. தவிரவும், பக்கத்துக்குப் பக்கம் ‘சரியாக உணர்ந்தீர்கள், இதோ நட்சத்திரம்’ என்று சொல்லும் நாவலை நீங்கள் படிப்பீர்களா? படித்து முடித்த நாவலைப் பற்றி எதிர்வீட்டு மாமியோடு சண்டை போடாவிட்டால் படித்தது ஜீரணமாகிறதா?

சரி, என்னதான் செய்ய வேண்டும் என்கிறாய்? பெற்றோருக்கு நான் சொல்வதற்குக் காலணாச் செலவு கிடையாது. சந்தா கட்டியிருந்தால் இருக்கட்டும். பத்துக் கணக்குச் செய்த குழந்தையிடம், டிக் விழுந்த ஒரு கணக்கை எடுத்து, “இது ஏன் சரி?” என்று கேளுங்கள். தப்பைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். சரியைப் பற்றிக் கேளுங்கள். உங்களுக்கு வடிவியல் மறந்துபோயிருந்தால் இன்னும் உத்தமம். புரியும்வரை குழந்தை உங்களுக்குச் சொல்லிக் கொடுக்கட்டும். கவராயமும் பாகைமானியும் இருக்கும் அந்தத் தகரப் பெட்டியைப் பரணில் போட்டுவிடாதீர்கள்; கோடு கோணலாகப் போகட்டும், 178 வரட்டும். வீட்டுக்குக் கடைக்கால் போடும் கொத்தனார், மூன்றடி, நாலடி, ஐந்தடி என்று கயிறு பிடித்து மூலைமட்டம் பார்ப்பதைக் குழந்தைக்குக் காட்டி, ஐந்துக்குப் பதில் ஆறு என்றால் என்ன ஆகும் என்று கேளுங்கள்.

பள்ளிக்கூடம் நடத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பயிற்சியை யந்திரம் பார்த்துக்கொள்வதால் ஆசிரியருக்கு ஒரு மணி நேரம் மிச்சமாகிறதா? மிகவும் நல்லது. அந்த ஒரு மணி நேரம் யாருடையது? இன்னும் இருபது பிள்ளைகளை அந்த வகுப்பில் அடைப்பதற்கும், இன்னும் ஓர் ஆசிரியரைக் குறைப்பதற்கும் அது உங்களுடையதல்ல. அது பிள்ளைகளுடையது. ஒவ்வொரு பிள்ளையும் வாரம் ஒரு தரமாவது கரும்பலகைக்கு வந்து, சாக்கட்டியைக் கையில் பிடித்து, தோழர்கள் குறுக்குக் கேள்வி கேட்க, ஒரு சிறு விஷயத்தையாவது நிரூபித்துவிட்டுப் போவதற்காகச் சேமித்த நேரம் அது. அதை அப்படிச் செலவிடுகிறோம் என்று எழுதிக் கொடுக்கும் பள்ளிக்கூடம், எத்தனை திரை வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளட்டும். எழுதிக் கொடுக்காவிட்டால், மாட்டுவதற்கு முன் நாம் ஆட்சேபிக்க வேண்டும்.

சொல்லப் போனால், இது கணக்கு மார்க்குக்கான சண்டை அல்ல. இந்தப் பிள்ளைகள் நாளைக்கு எத்தனையோ திரைகளுக்கு முன்னால் உட்காரப் போகிறவர்கள். உனக்குக் கடன் கிடையாது என்று ஒரு திரை சொல்லும். உனக்கு வேலை கிடையாது என்று ஒரு திரை சொல்லும். இன்னாரை வெறு, இன்னாரை நம்பு என்று ஒரு திரை சொல்லும். அப்போது வாயை மூடிக்கொண்டு எழுந்து போகாமல், “இரு, இரண்டு கோடும் இணை என்று நீ இன்னும் காட்டவில்லை” என்று கேட்கத் தெரிய வேண்டும். அந்தத் தைரியத்தை ஏழாம் வகுப்பில், ஒரு முக்கோணத்தின் பக்கத்தில், ஒரு மனிதர் எதிரே நின்று பழக்காவிட்டால், வேறு எங்கே பழகிக்கொள்ளப் போகிறார்கள்?